ஆண்சிங்க மன்றமும் தொட்டில் படமும்

ஆண்சிங்கம் சமரசிங்கம் ரசிகர் மன்றத்தில் படங்களை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ஆயுதத்தைச் சொன்னால் போதும். வாள் படம், சாட்டைப் படம், சிலம்பப் படம் என்றால் உறையூர் முழுவதற்கும் புரியும். ஒரு படத்தில் மட்டும் நடிகர் சமரசிங்கம் வெறுங்கையோடு புலியை அடித்தார். அது புலிப் படம். புலியை ஆயுதக் கணக்கில் சேர்க்கலாமா என்று மன்றம் ஒரு மாலை முழுவதும் விவாதித்து, சேர்க்கலாம் என்று தீர்மானம் போட்டது.

மன்றம் சின்னையாவின் விறகுக்கடை மாடியில் இருந்தது. அவர்தான் தலைவர். முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருச்சிக்கு வந்து விறகில் காலூன்றியவர். அவருக்கு முன்னால் அவர் மீசை மாடிப்படி ஏறும். செயலாளர் ஸ்தனிஸ்லாஸ், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். சினிமாக் கொட்டகையில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் விசிலடிக்க வேண்டும் என்று அவர் தம் டிரில் விசிலால் உத்தரவு கொடுப்பார். அவர் ஊதுவதற்கு முன்னால் விசிலடிப்பது ஒழுங்கீனம்.

மன்றத்து விதிகள் கடுமையானவை. உறுப்பினர் மீசை வைத்திருக்க வேண்டும். காய்கறிப் பையை வலது கையில் தூக்கக் கூடாது. வலது கை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். எதற்குத் தயாராக என்று விதியில் சொல்லவில்லை. துண்டு தோளில் கிடக்கலாம், இடுப்பில் கட்டியிருக்கலாம், முகத்துக்கு மட்டும் போகக் கூடாது. எக்காரணம் கொண்டும் அழக் கூடாது.

சுருட்டுக் கொட்டகையில் சுருட்டுச் சுற்றும் மருதை இந்த மன்றத்தில் சேர்ந்தது சமரசிங்கத்துக்காக அல்ல, தன் பெண் வள்ளிக்கண்ணுக்காக. மருதையின் மனைவி செல்லக்கண்ணு விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். வருஷத் திதிக்கு வந்த அவளுடைய அக்கா மாரியாயி, புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"ஒத்த ஆம்பளை பொட்டப் புள்ளைய எப்படித் தம்பி வளப்பீங்க? எனக்குப் பொறந்தது பூராப் பயலுங்க. இவள நான் பாத்துக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு வர்றப்பக் கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வைங்க."

அவள் கெட்டவள் இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். மருதைக்கு வீட்டில் மிச்சமிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதையும் துணிமணியோடு எடுத்து வைக்கச் சொன்னால் எங்கிருந்து எடுப்பது?

மாரியாயி வாழ்க்கைப்பட்ட ஊர்தான் சின்னையாவின் சொந்த ஊர். மருதை விறகுக்கடைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் ஒரு வார்த்தை சொன்னா மாரியாயி தாண்ட மாட்டா" என்றார் சின்னையா. "ஆனா மன்றத்து ஆளுக்குத்தான்டா நான் பேசுவேன். வெளியாளுக்குப் பேசினா மன்றத்துக்கு என்ன மரியாதை?"

மருதை உறுப்பினரானான். மீசையும் வைத்தான். அது மேல்நோக்கி முறுக்க வராமல் கீழ்நோக்கியே வளர்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் தற்காலிக விலக்கு அளித்தார்.

ஆனி மாதம் புதுப் படம் வந்தது. படப்பெட்டியை ஜட்காவில் வைத்துத் தாரை தப்பட்டையோடு ஊர்வலம் எடுத்தார்கள். எப்படியும் வாள் படமாகத்தான் இருக்கும் என்று தலைவர் முன்கூட்டியே அறிவித்திருந்ததால், ஆளுக்கொரு மரவாள் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மருதையும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசல்வரை போய்விட்டு, பிள்ளை தனியாக இருப்பாள் என்று வீடு திரும்பினான்.

படம் ஆரம்பித்து வெகுநேரமாகியும் சமரசிங்கம் எந்த ஆயுதத்தையும் தொடவில்லை. பாதிப் படத்துக்கு முன்பே அவர் மனைவி செத்துப்போனாள். கொன்றது யார் என்று மன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது. யாரும் கொல்லவில்லை, காய்ச்சல் என்றார் திரையில் டாக்டர். பழிவாங்க ஆள் இல்லாமல் சமரசிங்கம் வீட்டுக்குள் வந்து தொட்டிலை ஆட்டினார். பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டார். பிள்ளையின் துணியை அலசிக் கொடியில் போட்டார். பிறகு தூணில் சாய்ந்துகொண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஸ்தனிஸ்லாஸின் விசில் வாயிலேயே இருந்தது. துணியை அலசிய கட்டத்தில் பழக்கத்தில் ஒருவர் விசிலடித்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் குட்டு வாங்கினார். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மழைபோலக் கேட்டது. இந்தப் பக்கம் மரவாள்கள் ஒவ்வொன்றாகப் பெஞ்சுக்கு அடியில் போயின.

அன்று மாலையே மன்றம் அவசரமாகக் கூடியது.

"அது கண்ணீர் இல்ல" என்று ஆரம்பித்தார் தலைவர். "ஆண்சிங்கத்துக்குக் கண்ணீர் கெடையாது. அடுப்பு ஊதினாரு, புகை போயிருக்கு."

"அடுப்பு அதுக்கப்புறம்தாங்க வருது" என்றார் ஒருவர்.

"அப்ப வேர்வை. வீரனுக்குக் கண்ணுலயும் வேர்க்கும்."

கண்ணில் வேர்ப்பது உண்டா என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு ஆதாரம் தேடி ஸ்ரீரங்கம் போய், சித்திரை வீதியில் இருந்த ஓர் உபன்யாசகரை அழைத்துவந்தது. ஆண்பிள்ளை அழுவது சாஸ்திரத்துக்கு விரோதம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

அவர் விறகுக்கடை மாடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தம்ளர் ஜலம் மட்டும் வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "விரோதமா? நன்னாக் கேட்டேள். சாக்ஷாத் பெருமாளே பிராட்டியைப் பிரிஞ்சு, மரத்தண்டையும் செடியண்டையும் கேட்டுண்டு அழுதிருக்கார். அவருக்குத் தாலாட்டுப் பாடின மஹான்களும் புருஷாள்தானே? தொட்டில் ஆட்டறதுல என்ன தோஷம்?"

அவரை மரியாதையாக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். கடவுள்கள் மன்றத்தின் அதிகார எல்லைக்கு வெளியே இருப்பதால் அவர்களுடைய நடத்தையை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த தீர்மானம்: அழுகைக் கட்டம் வந்ததும் உறுப்பினர்கள் எழுந்து வெளியே டீக்கடைக்குப் போய்விட வேண்டும். ஆனால் யாராவது போகாமல் உள்ளேயே இருந்து அழுதுவிட்டால்? அதைக் கண்காணிக்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். இதற்கு யார் சம்மதிப்பீர்கள் என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டபோது, மாடியில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. வலது கைகள்தாம்.

அன்று முதல் கண்காணிப்பாளர்கள் கூட்டம் கூட்டமாகப் படம் பார்த்தார்கள். வெளியே போனவர்களும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கண்காணிப்பாளர்களைக் கண்காணிக்கத் திரும்பினார்கள். கண்காணிப்புத் தலைமைப் பொறுப்பைச் சின்னையாவே ஏற்றார். அவர் தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பின்னால் இருப்பவர்கள் முகம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் இருப்பவர்களுக்கு அவர் முகமும் தெரியாது.

அந்த மாதம் சுருட்டுக் கொட்டகையில் வேலை தலைக்கு மேல் போயிற்று. மருதைக்குக் காரணம் விளங்கவில்லை. பீடிகூடப் பிடிக்காதவர்கள் சுருட்டு வாங்கிப் போனார்கள். சினிமாக் கொட்டகைக்குப் போனபோதுதான் விளங்கியது. சமரசிங்கத்தின் மனைவிக்குக் காய்ச்சல் அடிக்க ஆரம்பித்ததும் ஆண்கள் பகுதியில் தீக்குச்சிகள் வரிசையாக உரசப்பட்டன. தொட்டில் ஆடும்போது புகை கூரையைத் தொட்டது. கண் சிவந்தால், "உறையூர்ச் சுருட்டு, காரம் சாஸ்தி" என்று சொல்லிக்கொள்ளலாம். துண்டு முகத்துக்குப் போனால், புகையை விசிறுவதற்காக.

"ஏங்க, சுருட்ட அணைங்க! படமே தெரியல!" என்று பெண்கள் பகுதியிலிருந்து சத்தம் வரும்.

"அழுவாச்சிப் படம் பாக்க வந்துட்டுப் பேச்சப் பாரு!" என்று இந்தப் பக்கத்திலிருந்து கம்மிய குரலில் பதில் போகும்.

மருதைக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை. அவன் முதன்முதலாகப் படத்துக்குப் போனபோது வள்ளிக்கண்ணையும் கூட்டிப் போயிருந்தான். பெண்கள் பகுதியில் உட்காரவைக்க ஆள் இல்லாததால், அவள் ஆண்கள் பகுதியில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தது. சமரசிங்கம் அதைத் தன்முன் உட்காரவைத்துச் சடை பின்னத் தொடங்கினார். முடியை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி முறுக்கினார்.

மருதைக்குச் சடை பின்னக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக் கமருன்னிசா. செல்லக்கண்ணு போன புதிதில் ஜன்னல் கம்பியில் வாழைநாரைக் கட்டி, "மூணாப் பிரிங்கண்ணே. நடுவுல உள்ளத எப்பவும் தனியா விடக்கூடாது" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். சுருட்டுக் கட்டை நாரால் கட்டிப் பழகிய கை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. எத்தனையோ காலையில் செய்த வேலை. அது கண்ணெதிரே தப்பாக நடப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"மூணாப் பிரிங்கண்ணே! மூணா!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டான்.

வள்ளிக்கண்ணு அவன் மடியிலிருந்து எழுந்து நின்று ஊருக்கெல்லாம் அறிவித்தாள்: "எங்கப்பா குஞ்சம் வச்சே பின்னுவாரு!"

பெண்கள் பகுதி கொல்லென்று சிரித்தது. "யாருங்க அது? எம் பொண்ணுக்கும் ரெண்டு பின்னி விடுங்க, புண்ணியமாப் போவும்!" என்று சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

முதல் வரிசையில் சின்னையாவின் தலை மெல்லத் திரும்பியது.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்று குற்றச்சாட்டை அறிவித்தார்: பொதுக் கொட்டகையில், பெண்கள் பகுதி கேட்கும்படி, சடை பின்னும் முறையை விளக்கியது.

"மூணாப் பிரிக்கணும்னு சொன்னது நீதானே?"

"ஆமாங்க சார்."

"எதுக்குச் சொன்னே?"

"அவரு ரெண்டாப் பிரிச்சாருங்க. ரெண்டுல சடை வராதுங்க, கயிறுதான் வரும்."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப மூணாவது எப்படிய்யா உள்ள போவும்?" என்று அடங்கிய குரலில் கேட்டார். சிலர் முன்னால் நகர்ந்தார்கள். மருதை மூன்று விரலைக் காட்டி விளக்க ஆரம்பித்தபோது தலைவர் மேஜையைத் தட்டினார்.

"இது மன்றமா, அழகு நிலையமா?" சின்னையா எழுந்தார். "ஆம்பளைன்னா யாருடா? பொண்டாட்டி செத்தா அடுத்த முகூர்த்தத்துல இன்னொருத்தியக் கட்டுறவன் ஆம்பளை. நான் கட்டல? எம் மொதப் பொண்டாட்டி போனப்ப ஒரு சொட்டு விட்டிருப்பனா? காரியத்துக்கு வந்த அத்தனை பேரும், சின்னையா கல்லுடான்னாங்க. எம் மவன் அப்பச் சின்னப் பய. அழுதான். ஒரு அறை விட்டேன், நிறுத்திட்டான். இன்னிக்கு வரைக்கும் எம்முன்னால நின்னு ஒரு வார்த்தை பேசுறதில்ல. பொங்கலுக்குக்கூட ஊருக்கு வர்றதில்ல. அவ்வளவு மரியாதை!"

மன்றம் கைதட்டியது.

பிறகு தலைவர் கருணையோடு ஒரு வழி சொன்னார். "புள்ளையச் சமயபுரம் கூட்டிட்டுப் போ. மொட்டை போட்டுடு. வேண்டுதல்னு சொன்னா யாரு கேக்கப் போறா? முடி இல்லன்னா சடை இல்ல. சடை இல்லன்னா பின்னல் இல்ல. நீயும் ஆம்பளையாயிடுவே, ஆத்தாளுக்கும் திருப்தி. மொட்டையோட வந்து நில்லு, மாரியாயிகிட்ட நான் பேசுறேன். இல்லேன்னா, நடந்தத நடந்தபடி சொல்லிட வேண்டியதுதான்."

அவன் மொட்டை போடுகிறானா என்று பார்க்க, அவன் வீட்டு எதிர் டீக்கடையில் முறைவைத்து ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்த்ததையெல்லாம் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள்.

மருதை யோசித்தான். செல்லக்கண்ணுக்கு முடி முழங்கால் வரை இருந்தது. பிள்ளைக்கும் அதே முடி. ஆனாலும் முடி வளரும். பிள்ளை போனால் வருமா? ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது வள்ளிக்கண்ணைச் சமயபுரம் பஸ்ஸில் ஏற்றினான்.

நாவிதர் கத்தியைத் தீட்டினார். வள்ளிக்கண்ணு பயப்படவில்லை. தினமும் காலையில் உட்காருவதுபோல அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கழுத்தை நேராக வைத்துக்கொண்டாள். மருதை அவிழ்ந்து கிடந்த முடியை ஒதுக்கிவிடக் கையைக் கொண்டுபோனான். கை தன்னால் அதை மூன்றாகப் பிரித்தது.

நாவிதர் கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணே, மொட்டையா, பின்னலா? பின்னால ஆள் நிக்குது."

"பின்னல்தாங்க" என்றான் மருதை.

ஆடிப்பெருக்கன்று காவிரியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மாரியாயி வந்தாள். தெருவில் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளிக்கண்ணின் துணி மூட்டை கட்டி மூலையில் இருந்தது. மாரியாயி உட்காருவதற்குள் வாசலில் சின்னையாவும் ஸ்தனிஸ்லாஸும் வந்து நின்றார்கள். பின்னாலேயே மன்றம் நின்றது.

வள்ளிக்கண்ணின் இரட்டைச் சடையைப் பார்த்ததும் தலைவர் மீசை துடித்தது.

"மாரியாயி, நம்ம ஊர்ப் பொண்ணுன்னு உன்கிட்ட மறைக்காமச் சொல்றேன். உன் தங்கச்சி புருசன் ஆம்பளையே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"எல்லாத்துக்கும் சாட்சி இருக்கு. காலைல எந்திரிச்சதும் புள்ளைக்குச் சடை பின்றான். குஞ்சம் வச்சு! ஞாயித்துக்கிழமை வெயில்ல உக்கார வச்சுப் பேன் பாக்குறான். டீக்கடையில நம்ம ஆளு கண்ணால பாத்தான். புள்ள சாப்பிடலன்னா நிலாவக் காட்டுறான், காக்காயக் கூப்புடுறான். போன வாரம் அதுக்குக் காய்ச்சல். வேலைக்கே போகல. மடில போட்டுக்கிட்டு ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். செல்லக்கண்ணு சேலையை மடிச்சுத்தான் புள்ளையப் படுக்க வக்கிறான். இன்னொரு கல்யாணத்துக்குப் பொண்ணு சொன்னா எந்திரிச்சுப் போயிடுறான். இப்படிப்பட்டவன் ஒரு ஆம்பளையா? நீயே சொல்லு!"

"சடை பின்றதப் பத்திக் கொட்டகையில பொதுவுல பேசினான்" என்று ஸ்தனிஸ்லாஸ் விட்டுப்போனதைச் சேர்த்தார்.

மருதை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டையை யார் எடுத்துக் கொடுப்பது என்பதுதான் அவன் யோசனை.

மாரியாயி வள்ளிக்கண்ணை இழுத்து மடியில் வைத்து, சடையைப் பிடித்துப் பார்த்தாள். வகிட்டை விரலால் தடவினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். ஊரில் தங்கச்சிக்கு அவள்தான் சடை பின்னியவள்.

"அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"மன்றம் பொய் சொல்லாது" என்றார் சின்னையா.

"அப்பப் புள்ள இங்கயே இருக்கட்டும்" என்று அவள் எழுந்து, மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

வாசலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் தேறியவர் தலைவர்தான். மன்றத்தைத் திரும்பிப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

"பாத்தீங்களாடா? நான் ஒரு வார்த்தை சொன்னா மாரியாயி தாண்ட மாட்டான்னு சொன்னேனா இல்லையா?"

மன்றம் கைதட்டியது.

மாலையில் மாரியாயி ஏதோ அப்பா பிள்ளை படம் ஓடுகிறதாமே என்று கேட்டாள். கமருன்னிசா துணைக்கு வர, இருவரும் பெண்கள் பகுதிக்குப் போனார்கள். மருதை வள்ளிக்கண்ணை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம், முதல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

திரையில் காய்ச்சல் வந்தது. தீக்குச்சிகள் உரசின. புகை எழும்பியது. தொட்டில் ஆட ஆரம்பித்ததும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "செல்லக்கண்ணு, ஏ செல்லக்கண்ணு" என்று மாரியாயியின் குரல் கேட்டது. மருதையின் கை தோளிலிருந்த துண்டுக்குப் போயிற்று. பக்கத்திலிருந்தவர் உறுப்பினர் என்ற உரிமையில் ஒரு சுருட்டை நீட்டினார்.

"பழக்கமில்லீங்க" என்றான் மருதை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்டதை அழுதான். சத்தம் வெளியே கேட்டது. ஸ்தனிஸ்லாஸ் விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதவில்லை.

வள்ளிக்கண்ணு அப்பாவின் முழங்கையைச் சுரண்டினாள். முன்வரிசையில், தோள் குலுங்க, வாயில் சுருட்டோடு குனிந்திருந்தவரைக் காட்டினாள்.

"அப்பா, அந்த மீசை மாமா சுருட்டு எரியவே இல்லப்பா."

"சத்தம் போடாத கண்ணு" என்றான் மருதை. "படத்தப் பாரு."